நுண்துளை போட்டும் மெழுகு பொம்மையாகவே இருக்கிறது: தலைச் சிற்பத்தில் எங்கே தப்பு?

கேள்வி | 4 மார்ச், இரவு 9.15

நாற்பது வயது ஆணின் தலை. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்கிறேன். நிஜ அளவுதான், உச்சி முதல் மோவாய் வரை 23 செ.மீ. மல்டிரெஸ் (பரப்பைப் படிப்படியாக நுணுக்கமாக்கும் வசதி) ஐந்தாம் நிலை வரை ஏற்றி, ஆல்பா (பிரஷ் பதிக்கும் அச்சுப்படம்) வைத்து முகம் முழுக்க நுண்துளை போட்டாயிற்று. நெற்றிச் சுருக்கம், சிரிப்புக்கோடு எல்லாம் கீறியாயிற்று. ரெண்டர் (முடிவுப் படம்) எடுத்தால் மெழுகு பொம்மை. இன்னும் ஒரு நிலை ஏற்றினால் சரியாகுமா? நல்ல ஆல்பா எது?

பதில் | 4 மார்ச், இரவு 10.40

ஏற்ற வேண்டாம், இறக்குங்கள். மல்டிரெஸ்ஸை ஒன்றாம் நிலைக்குக் கொண்டுவந்து, தலை திரையில் கட்டைவிரல் அளவுக்குத் தெரியும்படி தள்ளி வைத்துப் பாருங்கள். அப்போதும் பொம்மையாகத் தெரிந்தால் குற்றம் தோலில் இல்லை, எலும்பில் இருக்கிறது. தெருக்கோடியில் வருபவரின் நுண்துளை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆனாலும் அது மனித முகம்தான் என்று தெரிந்துவிடுகிறது.

முன், பக்கம், மேல், கீழ் என நான்கு கோணத்திலும் படம் போடுங்கள். வண்ணம் வேண்டாம், வெறும் களிமண் நிற மேட்கேப் (வேலை செய்யும்போது காட்டும் ஒரே நிறப் பூச்சு) போதும்.

5 மார்ச், காலை 6.50

படங்களைப் பார்த்தேன். முன்பக்கம் பரவாயில்லை. பக்கத் தோற்றத்தில்தான் தலை குறுகிப்போயிருக்கிறது. நெற்றியிலிருந்து பின்மண்டை வரை நீங்கள் வைத்திருப்பது ஏறக்குறைய 16 செ.மீ. வளர்ந்த ஆணுக்கு அது 19 செ.மீ. ஒட்டி வர வேண்டும். மண்டையின் அகலம், காதுக்கு மேலே, சுமார் 15. அதாவது தலை பக்கவாட்டில் பார்க்கும்போதுதான் பெரிது. முன்பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு செய்பவர்கள் எல்லோருக்கும் பின்மண்டை வெட்டுப்பட்டுத்தான் வருகிறது. முகத்தை ஒரு பந்தின் மேல் ஒட்டிய முகமூடியாக நினைத்துச் செய்வதால் வரும் வினை.

அடுத்தது கழுத்து. தூண் மாதிரி நேராக நிறுத்தியிருக்கிறீர்கள். கழுத்து முன்பக்கமாகச் சாய்ந்து ஏறுகிறது. பிடரி மண்டையோடு சேரும் இடம் ஏறக்குறைய மூக்கடி மட்டம். முன்பக்கம் தொண்டை மோவாய்க்கு அடியில் சேர்வது அதைவிடக் கீழே. இந்த மேடு பள்ளம் இல்லாவிட்டால் எந்த முகத்தை வைத்தாலும் கடை பொம்மையின் கழுத்தாகத்தான் இருக்கும். காதுக்குப் பின்னாலுள்ள எலும்பு முடிச்சிலிருந்து தொண்டைக்குழி வரை ஓடும் தசையை இரண்டு பக்கமும் களிமண் பட்டை சேர்க்கும் கிளே ஸ்ட்ரிப்ஸ் பிரஷ் வைத்து ஏற்றுங்கள். தலை நேராகப் பார்க்கும்போதும் அது மறையாது.

5 மார்ச், காலை 7.05

விட்டுப்போனது: கண் எங்கே வைக்க வேண்டும் என்பது. உச்சிக்கும் மோவாய்க்கும் சரிபாதியில். உங்களுடையது மேலே ஏறியிருக்கிறது.

5 மார்ச், இரவு 9.30

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். பாதி என்பது மண்டையோட்டின் உச்சியிலிருந்து எடுத்த கணக்கு. நீங்கள் முடிக்காக ஒரு குல்லா மெஷ் (கண்ணிகளால் ஆன பரப்பு) போட்டிருப்பதை இப்போதுதான் கவனித்தேன், அதன் உச்சியிலிருந்து அளந்தால் கண் கொஞ்சம் கீழேதான் தெரியும். குல்லாவை மறைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்படியும் உங்கள் கண் 6 மி.மீ. அளவுக்கு மேலேதான் இருக்கிறது.

இன்னொன்று. "முகத்தின் அகலம் ஐந்து கண், மூக்கின் அகலம் ஒரு கண்" என்ற சூத்திரத்தை வைத்துக் கட்டியிருப்பதாகச் சொல்கிறீர்கள். ஆரம்பக் கட்டைக்கு (முதல் தோராய வடிவத்துக்கு) அது சரி, அதற்கு மேல் அதைப் பிடித்துத் தொங்க வேண்டாம். லெஸ்லி ஃபர்காஸ் என்ற மருத்துவர் ஆயிரக்கணக்கான முகங்களை அளவெடுத்தவர். இந்தப் பழைய சூத்திரங்கள் பெரும்பாலான முகங்களுக்குப் பொருந்துவதில்லை என்று அந்த அளவுகள் காட்டின. மூக்குச் சிறகின் அகலம் கண்களின் உள்மூலைக்கு நேராக நிற்கும் முகமும் உண்டு, அதைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. போகும் முகமும் உண்டு. எல்லாவற்றையும் சூத்திரத்தில் அடைத்தால் யாருடைய முகமும் வராது. அதுவும் பொம்மைத்தனம்தான்.

6 மார்ச், காலை 6.30

"ஃபோட்டோவை அப்படியே பின்னால் வைத்துத்தான் செய்தேன், எப்படித் தப்பு வரும்" என்று கேட்டிருக்கிறீர்கள். லென்ஸ் வழியாக வரும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். மூக்கு நுனியிலிருந்து காதுத் துளை வரை ஆழம் ஏறக்குறைய 12 செ.மீ. கேமரா மூக்கிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருந்தால், காது 42 செ.மீ. தொலைவில் இருக்கிறது. 42ஐ 30ஆல் வகுத்தால் 1.4. காதோடு ஒப்பிட்டால் மூக்கு 40 சதவீதம் பெரிதாகப் பதிவாகும். அதே ஆளை 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் 212க்கு 200, வெறும் 6 சதவீதம்தான். கைபேசியில் கை நீட்டி எடுத்த படத்தில் காது கன்னத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதும், மூக்கு முந்திக்கொண்டு நிற்பதும் இதனால்தான்.

அந்தப் படத்தை ஆர்த்தோ (தூரத்தால் அளவு மாறாத) காட்சிக்குப் பின்னால் வைத்து ஒற்றியெடுத்தால், கேமராவின் கோணலை எலும்பிலேயே செதுக்கிவிடுகிறோம். 2 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் எடுத்த படங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காட்சியில் பெர்ஸ்பெக்டிவை எப்போதும் போட்டே வைத்து, ஃபோக்கல் லெங்த்தை (லென்ஸின் குவியத் தூரம்) 85 மி.மீ. ஆக்குங்கள். பிளெண்டரில் அது 50ல் இருக்கும். ஆர்த்தோவில் வேலை செய்வது அளவெடுக்கும் நேரத்துக்கு மட்டும்.

8 மார்ச், மதியம் 2.10

கட்டை சரியாகிவிட்டது. பின்மண்டை வந்ததுமே பாதி பொம்மை போய்விட்டது. இனி கண். இதில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கும்.

முதலில் விழிக்கோளம். வளர்ந்தவர்களுக்கு 24 மி.மீ. விட்டம், ஆளுக்கு ஆள் அதிகம் மாறாது. உங்களுடையது 30 இருக்கிறது. பெரிய கோளம் வைத்ததால் இமை உப்பி, கண்குழி நிரம்பிப்போயிருக்கிறது. 24க்கு மாற்றுங்கள். இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே 63 மி.மீ. என்று தொடங்கி, படத்தைப் பார்த்து ஓரிரண்டு மி.மீ. நகர்த்துங்கள். கோளம் தனிப் பொருளாகவே இருக்கட்டும், தலையோடு சேர்க்காதீர்கள்.

கருவிழியின் விட்டம் 12 மி.மீ. ஒட்டி. அதற்கு முன்னால் கார்னியா (கண்ணின் முன்பக்கத் தெளிவான உறை) தனியாக ஒரு சின்ன மேடாகப் புடைத்து நிற்கிறது. வெறும் உருண்டையை வைத்தால் ஒளிப்புள்ளி பரந்து மங்கலாக விழும், பார்வை செத்துப்போகும். மேட்டை வைத்தால் புள்ளி சுருங்கிக் கூர்மையாகும். பளிங்கில் நிறம் கிடையாது என்பதால் ஊதோன் போன்ற பிரெஞ்சுச் சிற்பிகள் கருவிழியைக் குழியாகக் குடைந்து, நடுவில் ஒரு சின்னத் துணுக்கை மட்டும் வெளிச்சம் பிடிக்க விட்டுவைத்தார்கள். களிமண் நிறத்தில் வேலை செய்யும்வரை நாமும் ஒரு குழியைக் குடைந்து வைத்துக்கொள்ளலாம். பார்வை எங்கே போகிறது என்று தெரியாமல் இமையைச் செதுக்கினால் இமையும் தப்பாகத்தான் வரும்.

இப்போது இமை. உங்கள் மேலிமையும் கீழிமையும் பாதாம் வடிவக் கண்ணாடிச் சட்டம் மாதிரி, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிரதியாக இருக்கின்றன. அப்படி இருக்கக் கூடாது. மேலிமையின் உச்சி நடுவிலிருந்து கொஞ்சம் மூக்குப் பக்கம். கீழிமையின் தாழ்ந்த இடம் கடைக்கண் பக்கம். இரண்டு புள்ளிகளையும் இணைத்தால் சாய்ந்த கோடு வர வேண்டும். மேலிமை கருவிழியின் தலைப்பை 1 முதல் 2 மி.மீ. மூடும். கீழிமை கருவிழியின் அடியைத் தொட்டு நிற்கும். மேலேயும் வெள்ளை தெரிந்தால் ஆள் பயந்த மாதிரி ஆகிவிடுவார்.

இமைக்குத் தடிப்பு உண்டு, சுமார் 2 மி.மீ. பொம்மைக் கண்ணுக்கும் மனிதக் கண்ணுக்கும் இந்த இடத்தில்தான் பெரிய வித்தியாசம். ஓரம் கத்தி முனையாக முடியக் கூடாது. விளிம்பு ஒரு தட்டையான படியாக நின்று, அந்தப் படி வெளிச்சத்தை வாங்க வேண்டும். கீழிமையில் இது நன்றாகத் தெரியும், ஈரக்கோடு மாதிரி. இமைமயிர் முளைப்பது அந்தப் படியின் வெளிவிளிம்பில்.

மேலிருந்து பாருங்கள். உங்கள் இரண்டு கண்களும் ஒரே பலகையில் பதித்த மாதிரி நேராக இருக்கின்றன. கடைக்கண் பின்னுக்குப் போக வேண்டும். கண்குழியின் வெளியோர எலும்பு, கார்னியாவின் முனையிலிருந்து ஒன்றரை செ.மீ.க்கு மேல் பின்னால் இருக்கிறது. பக்கத்திலிருந்து பார்த்தால் விழிக்கோளத்தின் முன்பகுதி எலும்பைத் தாண்டி வெளியே நிற்பது தெரியும். இழுத்து நகர்த்தும் கிராப் பிரஷ்ஷைப் பெரிதாக்கி, கடைக்கண்ணோடு நெற்றிப்பொட்டு ஓரத்தையும் சேர்த்துப் பின்னுக்குத் தள்ளுங்கள். மூலையை மட்டும் இழுத்தால் கிழிந்த மாதிரி ஆகிவிடும்.

8 மார்ச், மதியம் 2.25

உள்மூலையிலுள்ள சிவந்த சதைத்துணுக்கை மறக்க வேண்டாம். 4, 5 மி.மீ.தான். இல்லாவிட்டால் கண் பொத்தான் துளை மாதிரி இருக்கும்.

9 மார்ச், இரவு 8.00

"ரீமெஷ் போட்டதும் இரண்டு உதடும் ஒட்டிக்கொண்டுவிட்டன, இமையும் கோளத்தோடு போய்விட்டது."

ரீமெஷ் பரப்பைச் சின்னக் கனசதுரங்களாக (வாக்ஸல்) வைத்துப் புதிதாகக் கட்டுகிறது. அந்த வாக்ஸல் அளவு என்ன? 2 மி.மீ. என்றால் 2 மி.மீ. தடிப்புள்ள இமை எப்படிப் பிழைக்கும்? வாக்ஸலைவிடக் குறுகலான இடைவெளி எல்லாம் மூடிக்கொள்ளும். கட்டைக்கு 4 மி.மீ., தசை மேடுகளுக்கு 2, கடைசியாக 1. அந்தக் கட்டம் வரை வாயைக் கொஞ்சம் திறந்தே வைத்திருங்கள், இமைக்கு வெறும் மேடு மட்டும் போதும். படி, விளிம்பு எல்லாம் ரீடோபாலஜிக்குப் (மெஷ்ஷை ஒழுங்காக மறுபடி அமைப்பது) பிறகு, கண்ணையும் வாயையும் சுற்றி வளையம் வளையமாக ஓடும் சுத்தமான மெஷ்ஷில் செய்துகொள்ளலாம்.

11 மார்ச், காலை 7.15

வாய். கீழிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள். உதடுகள் நேர்கோட்டில் இருக்கின்றன. உதட்டுக்குப் பின்னால் பல்வரிசை இருக்கிறது, அது குதிரை லாடம் மாதிரி வளைந்தது. உதடு அந்த வளைவின் மேல் போர்த்திய துணி. ஒரு உருளையை உள்ளே தற்காலிகமாக வைத்து, வாய் முழுவதையும் அதன் மேல் வளையுங்கள். முகத்தின் முன்பக்கத்திலிருந்து பக்கத்துக்குத் திரும்பும் இடத்தில் வாயோரம் பின்னுக்குப் போய்விடும்.

மேலுதட்டில் மூன்று மேடு, நடுவில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. கீழுதட்டில் இரண்டு. உதட்டு நிறம் முடியும் எல்லையில் மெல்லிய வரம்பு ஒன்று ஓடுகிறது. அது கீறல் இல்லை, மேடு. நீங்கள் கோடு கீறும் கிரீஸ் பிரஷ்ஷால் உதட்டைச் சுற்றிக் கோடு போட்டிருக்கிறீர்கள், அதை முழுக்க அழித்துவிடுங்கள். வாயோரத்துக்கு வெளியே, தசைகள் வந்து கூடும் முடிச்சு ஒரு சிறு மேடாகத் தெரியும். அந்த மேடு இல்லாமல் வாயோரத்தை மட்டும் குழித்தால் ஆணி அடித்த துளை மாதிரிதான் இருக்கும்.

சிரிப்புக்கோடும் இதே கதை. அது கோடே இல்லை. கன்னத்துக் கொழுப்பு ஒரு பக்கம், வாயைச் சுற்றிய தசை மறுபக்கம், இரண்டும் சந்திக்கும் இடம். கன்னத்தை ஏற்றினால் அது தானாக விழும். மூக்குச் சிறகின் மேலோரத்தில் கூர்மையாகத் தொடங்கி, வாயோரத்துக்கு வெளியே வரும்போது கரைந்துபோக வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஆழத்தில் ஓடினால் முகமூடியின் மடிப்பு.

நெற்றிச் சுருக்கத்துக்கும் இதே பார்வைதான். நெற்றித்தசை மேலும் கீழுமாக இழுக்கிறது, அதனால் சுருக்கம் குறுக்கே விழுகிறது. பள்ளத்தைக் கீறாமல், இரண்டு பள்ளங்களுக்கு நடுவிலுள்ள சதை மேட்டை உப்பவைக்கும் இன்ஃப்ளேட் பிரஷ்ஷால் ஏற்றிப் பாருங்கள்.

12 மார்ச், இரவு 10.05

காது பற்றிச் சுருக்கமாக. உயரம் 6 செ.மீ.க்குச் சற்று மேல். புருவத்துக்கும் மூக்கடிக்கும் இடையில் நிற்கும். மேல்பக்கம் பின்னால் சாய்ந்திருக்கும். தாடை எலும்பின் கீலுக்கு உடனடியாகப் பின்னால்தான் துளை, அதாவது பக்கத் தோற்றத்தில் நடுக்கோட்டுக்குப் பின்பக்கம். முன்னிருந்து பார்த்தால் மடல் தலையிலிருந்து விலகி நிற்க வேண்டும். உங்கள் காது தலையில் ஒட்டிய பதக்கம் மாதிரி இருக்கிறது. காதுக்குப் பின்னால் கிண்ணத்தின் வெளிப்புறம் தெரிய வேண்டும்.

14 மார்ச், காலை 6.40

இன்று என் முதல் பதிலையே திருத்த வேண்டியிருக்கிறது. மெழுகுத்தனத்துக்கு முழுக்க எலும்புதான் காரணம் என்ற தொனியில் எழுதியிருந்தேன். ஷேடர் (தோலின் நிறம், ஒளி எப்படி என்று சொல்லும் அமைப்பு) படத்தை நேற்று போட்டீர்கள். அதிலும் பெரிய தப்பு இருக்கிறது.

பிரின்சிப்பில்டு ஷேடரில் சப்ஸர்ஃபேஸ் (தோலுக்குள் ஒளி பரவுவது) ஸ்கேல் 0.05, ரேடியஸ் (சிவப்பு, பச்சை, நீலம்) 1.0, 0.2, 0.1, எல்லாம் முதலில் இருந்தபடியே இருக்கின்றன. உங்கள் தலை நிஜ அளவு. பிளெண்டரின் அலகு மீட்டர், அப்படியானால் 0.05 என்பது 5 செ.மீ. சிவப்பு ஒளி தோலுக்குள் 5 செ.மீ. பரவுகிறது என்று சொல்லிவைத்திருக்கிறீர்கள். மூக்கு முழுவதும் ஊடுருவி வெளிச்சமாகிவிடும், இமையின் நிழல் கரைந்துவிடும். மெழுகுவத்தியில் நடப்பது இதுதான். ஸ்கேலை 0.004 பக்கம் கொண்டுவாருங்கள், 3 முதல் 5 மி.மீ. வரை. சிவப்பு அதிகமாகவும் பச்சையும் நீலமும் குறைவாகவும் பரவும் விகிதம் அப்படியே இருக்கட்டும், அது சரியானது. ஐஓஆர் (ஒளிவிலகல் எண்) 1.4.

தலையைப் பத்து மடங்கு பெரிதாக வைத்துச் செய்பவர்களுக்கு அதே 0.05 ஏறக்குறையப் பொருந்திப்போகும். அதனால்தான் இன்னொருவர் கொடுத்த ஷேடரை எடுத்துப் போட்டால் ஒருவருக்கு நன்றாக வருகிறது, மற்றவருக்கு மெழுகாகிறது.

15 மார்ச், இரவு 9.20

இப்போது நுண்துளைக்கு வரலாம். "ஆறாம் நிலை தேவையா" என்ற பழைய கேள்விக்கும் பதில் இங்கேதான்.

தலையும் கழுத்தும் சேர்ந்து தோராயமாக 1,500 ச.செ.மீ. என்று வையுங்கள், 1,50,000 ச.மி.மீ. அடிமெஷ் 10,000 பாலிகான் (மெஷ்ஷின் சிறு கட்டம்). ஒவ்வொரு நிலைக்கும் நான்கு மடங்கு: 40 ஆயிரம், 1.6 லட்சம், 6.4 லட்சம், 25.6 லட்சம், ஐந்தாம் நிலையில் 1 கோடியே 2.4 லட்சம். அங்கே ஒரு பாலிகானின் பக்கம் 0.12 மி.மீ. 0.25 மி.மீ. நுண்துளைக்குக் குறுக்கே இரண்டே பாலிகான். அதனால்தான் உங்கள் துளைகள் சதுரச் சதுரமாகத் தெரிகின்றன. ஆறாம் நிலை 4 கோடி, பக்கம் 0.06 மி.மீ. போதும்தான், கணினி படுத்துவிடும். அதற்குப் பதில் ஐந்தாம் நிலையில் நடுத்தர வடிவங்களோடு நிறுத்திவிட்டு, துளைகளை 8192 பிக்சல் பக்கமுள்ள டிஸ்ப்ளேஸ்மென்ட் மேப்பில் (மேடு பள்ளத்தைப் படமாக வைத்திருப்பது) போடுங்கள். அதில் 6.7 கோடி பிக்சல். யூவி (பரப்பைத் தட்டையாக விரித்த வரைபடம்) அறுபது சதவீத இடத்தைப் பிடித்தாலும் 0.06 மி.மீ.க்கு ஒரு பிக்சல் கிடைக்கும். கோப்பை 32 பிட் இஎக்ஸ்ஆர் ஆக எழுதுங்கள். 8 பிட்டில் எழுதினால் நெற்றியில் படிக்கட்டு விழும்.

15 மார்ச், இரவு 9.45

மேலே உள்ள கணக்கு பாலிகான்கள் சமமாகப் பரவியிருப்பதாக வைத்துப் போட்டது. ரீடோபாலஜியில் கண், வாய், மூக்கு பக்கம் வளையங்கள் நெருக்கமாகவும் மண்டை, கழுத்து பக்கம் அகலமாகவும் இருக்கும். எனவே முகத்தில் நிஜத்தில் இதைவிட நுணுக்கமாகக் கிடைக்கும். யூவியிலும் முகத்துக்கு அதிக இடம் கொடுங்கள், பின்மண்டை முடியில் மறையப்போகிறது.

16 மார்ச், காலை 7.30

ஒரே ஆல்பாவை முகம் முழுக்கத் தேய்த்தால் ஆரஞ்சுப் பழத்தோல்தான் கிடைக்கும். இடத்துக்கு இடம் தோல் வேறு. மூக்கு நுனியிலும் அதை ஒட்டிய கன்னத்திலும் துளைகள் பெரிதாக, வட்டமாக. கன்னத்தில் வெளியே போகப் போக நீண்டு சாய்ந்துகொள்ளும். நெற்றியில் துளையைவிடக் குறுக்குக்கோடுகள்தான் அதிகம். இமைத்தோலில் துளை தெரியாது, மெல்லிய குறுக்குநெடுக்குப் பின்னல் மட்டும். உதட்டில் செங்குத்து வெடிப்பு. மோவாயில் சொரசொரப்பான சிறு குழிகள். காதில் ஏறக்குறைய எதுவுமில்லை.

இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தால், துளைகள் தனித்தனியாக நிற்பதில்லை. ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு முடியளவு கோடு ஓடி, நடுவில் சின்னச் சின்ன மேட்டுத் திட்டுகளை உண்டாக்குகிறது. ஆல்பாவில் புள்ளிகள் மட்டும் இருந்தால் ஊசி குத்திய தோல் மாதிரி இருக்கும். புள்ளிகளைப் போட்ட பிறகு, மிக மெல்லிய கிரீஸ் பிரஷ்ஷால் கன்னத்தில் மட்டுமாவது அவற்றைக் கையால் இணைத்துப் பாருங்கள். முழுவதும் செய்ய வேண்டியதில்லை. கேமராவுக்கு அருகிலுள்ள உள்ளங்கை அளவு இடம் போதும்.

16 மார்ச், இரவு 11.00

துளை போடும் முன் சமச்சீரை உடைத்தீர்களா? இல்லை என்றால் நிறுத்துங்கள். ஷேப் கீ (வடிவ மாற்றத்தைத் தனியாக வைத்து, அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி) ஒன்று போட்டு, எக்ஸ் சமச்சீரை அணைத்து, பெரிய கிராப் பிரஷ்ஷால் செய்ய வேண்டியது: ஒரு கண்ணை 1 மி.மீ. தாழ்த்துங்கள், கோளத்தையும் கூடவே. மூக்குத்தண்டை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து, நுனியை எதிர்ப்பக்கம் திருப்புங்கள். தாடையின் ஒரு கோணத்தை அகலப்படுத்துங்கள். ஒரு வாயோரத்தை ஏற்றுங்கள். காதுகள் இரண்டும் வேறு வேறு உயரத்தில். பிறகு காட்சியை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். திருப்பியதும் முகம் கோணலாகத் திடுக்கிட வைத்தால் அதிகம் போய்விட்டது, ஷேப் கீயின் அளவை 0.6க்கு இறக்குங்கள். ஒன்றுமே மாறாதது போலிருந்தால் போதவில்லை.

18 மார்ச், காலை 6.55

புதிய ரெண்டரைப் பார்த்தேன். நெற்றிப்பொட்டுக்கு முன்னால் புருவ எலும்பு திரும்பும் இடம் அருமையாக வந்திருக்கிறது, அதைத் தொடாதீர்கள். கண் மட்டும் இன்னும் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது. இமைக்கும் கோளத்துக்கும் நடுவே கருப்பாக ஒரு இடைவெளிக்கோடு தெரிகிறது, கண்ணீர் நிற்கும் இடம் அது. கீழிமையின் படியும் கோளமும் சந்திக்கும் மூலையில் அரை மி.மீ. அகலத்தில் வளைந்த ஒரு மெஷ் பட்டையை ஓடவிட்டு, அதற்கு ரஃப்னெஸ் (சொரசொரப்பு) 0, டிரான்ஸ்மிஷன் (ஒளி ஊடுருவல்) 1, ஐஓஆர் 1.33 கொடுங்கள். உள்மூலையில் அது கொஞ்சம் தடித்து, சதைத்துணுக்கைச் சுற்றி நிற்கட்டும். மேலிமையின் நிழல் கோளத்தின் மேல்பாகத்தில் விழுகிறதா என்றும் பாருங்கள். இப்போது வெள்ளை விழி மேலிருந்து கீழ்வரை ஒரே வெளிச்சமாக இருக்கிறது, அதன் நிறத்தையும் தூய வெள்ளையிலிருந்து இறக்க வேண்டும்.